ஓடும் வண்டிக்கு ஓர் எல்லைக்கல்

(மீஞ்சூர் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

மீஞ்சூர் வட்டாரம் நெல் விளையும் பூமி. கொசஸ்தலை ஆறும் ஆரணியாறும் கடலை நாடிச் செல்லும் இப்பகுதியில் ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் தொன்றுதொட்டு நடைபெற்று வருகின்றன. இதே வட்டாரத்தின் கடற்கரையில் இன்று எண்ணூர் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. வடசென்னையிலும் வல்லூரிலும் அனல் மின் நிலையங்கள் அமைந்துள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் வழங்கத்தக்க கடல்நீர் ஆலை ஒன்று 2010-இல் காட்டுப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கிறது. வண்டலூரிலிருந்து புறப்படும் 62 கி.மீ. வெளிவட்டச் சாலை மீஞ்சூரில் வந்து முடிகிறது.

இவ்வளவும் ஓரிடத்தில் கூடினால் லாரிகள் கூடுவதும் இயல்பே. கண்டெய்னர் லாரி, சாம்பல் ஏற்றிய லாரி, தண்ணீர் லாரி, கழிவுநீர் லாரி எனப் பலவகை வண்டிகள் நம் ஊர்ச் சாலைகளில் இரவும் பகலும் செல்கின்றன. இவற்றால் வேலையும் வருமானமும் கிடைக்கின்றன என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆயினும், பள்ளிக்கூடத்தின் முன்னால் வரிசையாக நிற்கும் லாரி, ஏரிக்கரையில் இரவோடிரவாகக் கழிவைக் கொட்டிச் செல்லும் லாரி, கிராமச் சாலையின் தாங்கும் சக்திக்கு மேல் பாரம் ஏற்றி அதை உடைத்துச் செல்லும் லாரி ஆகியவற்றைப் பற்றிக் கிராம சபைகளில் முறையீடுகள் எழாமல் இருப்பதில்லை. "எந்த வண்டி, எந்த நேரத்தில், எந்த இடத்தில் நின்றது?" என்று அதிகாரி கேட்கும்போது ஊரார் விடை சொல்ல முடியாமல் தவிப்பதையும் நாம் காண்கிறோம்.

இக்கேள்விக்கு விடை தரும் ஒரு முறை இப்போது வழக்கத்திற்கு வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஜியோஃபென்சிங் என்று வழங்கும் இதனைத் தமிழில் புவிவேலி எனலாம். பெரிய கம்பெனிகள் தங்கள் வண்டிகளை மேற்பார்வை செய்ய இதனை உபயோகிக்கின்றன. ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோரும் விவசாயிகளும் இதனைத் தெரிந்து வைத்துக்கொள்வது எதற்காக என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

புவிவேலி என்றால் என்ன?

இது முள்வேலியும் அன்று, கம்பி வேலியும் அன்று. கம்ப்யூட்டரில் உள்ள தேசப்படத்தின்மேல் வரையப்படும் ஒரு கோடுதான் இது. வயலுக்கு வரப்பு எப்படியோ, கிராமத்திற்கு எல்லைக்கல் எப்படியோ, அப்படியே வண்டிக்கு இக்கோடு. ஒரு வண்டி இக்கோட்டைக் கடந்து உள்ளே வந்தாலும், உள்ளேயிருந்து வெளியே போனாலும், உள்ளேயே குறித்த நேரத்திற்கு மேல் நின்றாலும், உரியவருக்கு உடனே செய்தி போகும். பட்டியைத் தாண்டிய மாட்டின் கழுத்து மணி மேய்ப்பவன் காதில் விழுவதைப் போன்றது இது.

கோட்டை இரண்டு விதமாக வரையலாம். ஒரு மையப் புள்ளியைக் குறித்து, "இதிலிருந்து 200 மீட்டர்" என்று வட்டமாக வரைவது ஒரு முறை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பால் கூட்டுறவுச் சங்கம் முதலியவற்றிற்கு இது போதும். மூலைப் புள்ளிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்து அவற்றை இணைப்பது மற்றொரு முறை. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம், சாலை முதலியன ஒழுங்கான வட்டமாக இராமையால் அவற்றிற்கு இரண்டாவது முறையே பொருந்தும்.

வண்டி தன் இடத்தை அறியும் விதம்

வண்டியில் பொருத்தப்படும் சிறு கருவி வானிலுள்ள செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெறுகிறது. ஒவ்வொரு சைகையும் தான் புறப்பட்ட நேரத்தைத் தாங்கி வரும். சைகை வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு செயற்கைக்கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்கிடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் தூரம் தெரிந்தால் வண்டியின் இருப்பிடம் தெரிந்துவிடும். பின்னர் அந்த இடத்தைக் கைப்பேசிக்கு உள்ளதைப் போன்ற சிம் அட்டையின் மூலம் அலுவலகத்திற்கு அனுப்பிவைக்கிறது.

ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது 1978-இல் ஏவப்பட்டது. 1995-இல் அவ்வரிசை முழுமை பெற்றது. பொதுமக்களுக்கான சைகையை வேண்டுமென்றே துல்லியம் குறைத்து வழங்கிய பழக்கத்தை அந்நாட்டு அரசாங்கம் 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் கைவிட்டது. அதன் பிறகே சாதாரண வண்டிகளுக்கு இம்முறை பெரிதும் பயன்படலாயிற்று. நம் நாடும் பிறரை எதிர்பார்த்து இருக்கவில்லை. 2013 முதல் 2016 வரை 7 செயற்கைக்கோள்களை ஏவி, நாவிக் என்னும் சொந்த வரிசையை நம் விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்தது.

மீஞ்சூர் ஏறத்தாழ வடக்கு 13.27, கிழக்கு 80.26 பாகையில் உள்ளது. பாகை எண்ணில் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் எழுதுகிறோம் என்பது முக்கியம். இரண்டு இலக்கம் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீட்டர் வரை பிசகும். நான்கு இலக்கம் எழுதினால் பிசகு சுமார் 11 மீட்டராகும்; ஐந்து இலக்கம் எழுதினால் சுமார் 1 மீட்டராகும். ஆகவே ஏரிக்கரையின் மூலைகளைக் குறிப்பவர் ஐந்து இலக்கம் எழுதுவதே முறை. ஆனால் கருவியின் அளவிலேயே திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வரையும், தோப்புகளிலும் உயர்ந்த கட்டிடங்களின் நடுவிலும் அதற்கு மேலும் வித்தியாசம் வரும் என்பதை மறக்கலாகாது.

உள்ளா, வெளியா?

கோணல் மாணலான ஏரியின் உள்ளே வண்டி நிற்கிறதா, வெளியே நிற்கிறதா என்பதைக் கம்ப்யூட்டர் கண்டறியும் விதம் சுவையானது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏதேனும் ஒரு திசையில் வெகுதூரம் நேராக ஒரு கயிற்றை இழுப்பதாகக் கொள்வோம். அக்கயிறு எல்லைக் கோட்டை எத்தனை முறை கடக்கிறது என்று எண்ணவேண்டும். ஒற்றைப்படையானால் வண்டி உள்ளே இருக்கிறது. இரட்டைப்படையானால் வெளியே இருக்கிறது. எத்தனை மூலைகள் இருந்தாலும் இக்கணக்குப் பொய்க்காது. சந்தேகமுள்ளவர்கள் ஒரு காகிதத்தில் ஏரியை வரைந்து தாமே எண்ணிப் பார்க்கலாம்.

வேலி வரைவோர் கவனிக்கவேண்டிய மற்றொரு கணக்கும் உண்டு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் லாரி ஒரு வினாடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கும். கருவி 10 வினாடிக்கு ஒருமுறை செய்தி அனுப்புமானால், இரண்டு செய்திகளுக்கு இடையே லாரி சுமார் 167 மீட்டர் போய்விடும். நெடுஞ்சாலையின் குறுக்கே 50 மீட்டர் அகலத்தில் வேலி வரைந்தால், லாரி அதனைத் தாண்டிச் சென்றதே பதிவாகாமல் போகக்கூடும். ஆகவே விரைவுச் சாலையில் வேலி அகலமாக இருக்கவேண்டும். இதற்கு மாறாக, எல்லையை ஒட்டி நிறுத்தப்பட்ட வண்டி, கருவியின் சிறு பிசகினால் உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் போவதாகக் கணக்கில் வரும். பொய்யான செய்திகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தால் கேட்பவர் சலித்துப்போய், மெய்யான செய்தி வரும்போதும் காதில் வாங்கமாட்டார். ஆகவே, "5 நிமிடத்திற்குக் குறையாமல் நின்றால் மட்டும் செய்தி அனுப்புக" என்று நிபந்தனை வைப்பது நலம்.

கிராமத்திற்கு என்ன பயன்?

முதலாவதாகப் பாலை எடுத்துக்கொள்வோம். 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திருவண்ணாமலையிலிருந்து சென்னைக்குச் சென்ற ஆவின் பால் லாரி ஒன்றிலிருந்து திண்டிவனம் அருகே பாலை இறக்கிக்கொண்டு நீரைக் கலந்ததாக வழக்கு எழுந்தது. அதிகாலையில் கறந்து சங்கத்தில் ஊற்றிய உழவரின் உழைப்பு நடுவழியில் களவு போவதை யார்தான் பொறுப்பார்? பால் லாரிக்குப் புறப்படும் இடமும் சேரும் இடமும் உண்டு. அவற்றிற்கு இடையே செல்லும் சாலையும் தெரிந்ததே. அச்சாலையின் இருபுறமும் வேலி வரைந்துவிட்டால், வேலியை விட்டு விலகியதும், இடையில் காரணமின்றி நின்றதும் உடனே தெரியவரும். மூடியைத் திறந்ததை அறிவிக்கும் பூட்டும் சேர்ந்தால் காவல் இன்னும் உறுதியாகும்.

இரண்டாவது கழிவு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய இடங்களில் கேரளத்திலிருந்து வந்த மருத்துவக் கழிவுகள் கொட்டப்பட்டிருந்ததை யாவரும் அறிவர். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட, கேரள அரசு அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றது. கொட்டிய பிறகு அள்ளுவதைவிடக் கொட்டுமுன் தடுப்பதே மேல் அல்லவா? மருத்துவக் கழிவைச் சேகரிக்கும் பொது நிலையங்கள் பட்டைக்குறியீட்டு முறையையும் ஜி.பி.எஸ். முறையையும் ஏற்படுத்திக்கொள்ளவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அவ்வண்டி மருத்துவமனை வேலியிலிருந்து புறப்பட்டு அழிப்பு நிலைய வேலியில் சேரவேண்டும். இடையில் வேறெங்கும் நின்று பாரம் குறைந்ததெனில் அதற்குக் காரணம் காட்டவேண்டும்.

மூன்றாவது தண்ணீர். சென்னைப் பெருநகர்ப் பகுதியிலும் அதனையொட்டிய கிராமங்களிலும் நிலத்தடி நீரை எடுப்பதையும் வண்டியில் கொண்டு செல்வதையும் ஒழுங்குபடுத்த 1987-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மீஞ்சூர்ப் பகுதியின் கிணறுகளில் உப்பு நீர் ஏறிய கதையை நம் விவசாயிகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அனுமதி பெற்ற கிணற்றில் மட்டும் லாரி நீர் எடுக்கிறதா, ஒரு நாளில் எத்தனை நடை எடுக்கிறது என்பதைக் கிணற்றைச் சுற்றி வரைந்த வேலி எண்ணிச் சொல்லும்.

நான்காவது உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும். வாடகையை மணிக் கணக்கில் பேசுவதால், நேரத்தைப் பற்றிய தகராறுகள் எழுவது உண்டு. வயலைச் சுற்றி வேலி குறித்திருந்தால், இயந்திரம் காலை 7.10-க்கு உள்ளே வந்தது, 11.40-க்கு வெளியே போனது, ஆக 4½ மணி நேரம் என்று இருதரப்பும் ஒப்புக்கொள்ளும் கணக்குக் கிடைக்கும். ஆனால் வயலுக்குள் நின்ற நேரம் வேறு, வேலை செய்த நேரம் வேறு. எஞ்சின் ஓடிய நேரத்தையும் கருவி பதிவு செய்கிறதா என்று முன்னதாகவே கேட்டறிவது உழவருக்கு நல்லது.

மணி யார் காதில் ஒலிக்கவேண்டும்?

இங்கேதான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. கருவி பொருத்துவதால் மட்டும் ஒரு லாரியும் திருந்திவிடாது. வேலியைக் கடந்த செய்தி லாரிச் சொந்தக்காரரின் அலுவலகத்திற்கு மட்டும் போனால், அது அவருடைய டீசல் செலவையும் டயர் செலவையும் குறைக்க உதவும். ஏரி உங்களுடையது, செய்தி மற்றொருவருடையது. செய்தி போய்ச் சேரும் இடத்தில் ஊருக்கும் ஒரு பங்கு இருந்தால்தான் அது ஊரைக் காக்கும்.

சத்தீஸ்கர் மாநிலத்தின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. அம்மாநிலம் 2007-ஆம் ஆண்டையொட்டி ரேஷன் அரிசி வினியோகத்தைச் சீர்திருத்தியபோது, அரிசி ஏற்றும் லாரிகளுக்கு மஞ்சள் வர்ணம் பூசியது. கிடங்கிலிருந்து லாரி புறப்பட்டதும் பதிவு செய்துகொண்ட பொதுமக்களுக்குக் கைப்பேசியில் குறுஞ்செய்தி போகவும் ஏற்பாடு செய்தது. மஞ்சள் லாரி தகாத இடத்தில் நின்றால் வழிப்போக்கரும் கண்டுகொள்வார். சொன்ன நாளில் வந்து சேராவிட்டால் ஊரார் கேட்பார்கள். அங்கே காவலன் கருவி மட்டுமல்லன், செய்தியைப் பெற்ற குடிமக்களும் ஆவர். நமது வேலிக்கும் இதே தத்துவம் பொருந்தும்.

சட்டத்தின் நிலை

பொதுப் பயணிகள் வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் ஆபத்துக்கால அழைப்புப் பொத்தானும் இருக்கவேண்டும் என்ற விதி 2016 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் அத்தகைய வண்டிகளுக்கு அது நடைமுறைக்கு வந்தது. இது பஸ், டாக்சி முதலியவற்றைப் பற்றியது. எல்லாச் சரக்கு லாரிகளுக்கும் பொருந்துவதாக எண்ணிவிடக்கூடாது. அபாயகரமான கழிவை எடுத்துச் செல்லும் லாரிக்கு 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி 7 நிறங்களில் 7 படிகள் கொண்ட சரக்குச் சீட்டு உண்டு. கழிவுநீர் லாரிகளுக்கு உரிமம் கட்டாயம் என்று தமிழ்நாட்டின் நகர உள்ளாட்சிச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. லாரியில் என்ன ஏற்றியிருக்கிறது என்பதைச் சீட்டுச் சொல்லும். அது எங்கே சென்றது என்பதை வேலி சொல்லும். இரண்டையும் ஒத்துப் பார்ப்பதே நல்ல நிர்வாகம்.

வேலியால் ஆகாதவை

வேலி லாரியைத் தடுத்து நிறுத்தாது. செய்தி மட்டுமே சொல்லும். கருவி பொருத்தாத திருட்டு லாரியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. கருவியின் மின்கம்பியை அறுத்தால் இருப்பிடம் தெரியாமல் போகும். கம்பி அறுக்கப்பட்டதையே ஒரு செய்தியாக அனுப்பும் கருவிகளும் உள்ளன. கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் செய்தி தாமதமாகும். நல்ல கருவி அதனைச் சேமித்து வைத்துப் பின்னர் அனுப்பும்.

டிரைவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவரும் ஏழைக் குடும்பத்தின் தலைவரே. துறைமுக வாயிலில் வரிசை நீண்டிருக்கும்போது அவர் எங்கேயாவது நின்றுதான் ஆகவேண்டும். உண்ணவும் உறங்கவும் இயற்கைத் தேவைகளுக்கும் அவருக்கு இடம் வேண்டும். பள்ளியின் முன்னால் நிற்கக்கூடாது என்று வேலி வரையும்போதே, நிற்கத்தகுந்த இடம் எது என்பதையும் குறித்துக் கொடுப்பதே நியாயம். எங்கெங்கே வேலி உண்டு என்பதை அவருக்கு முன்னதாகவே சொல்லிவிடவேண்டும். வேலை நேரம் முடிந்த பின் அவர் போகும் வரும் இடங்களைத் தேடிப் பார்ப்பது தகாது. தனி மனிதரைப் பற்றிய விவரங்களைக் காப்பதற்கென்றே 2023-இல் மத்திய அரசு ஒரு சட்டம் இயற்றியுள்ளது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

1. எல்லையை நடந்து பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் நில அளவையரிடமும் உள்ள புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் மூலைகளில் நின்று, கைப்பேசி காட்டும் பாகை எண்களை ஐந்து இலக்கம் வரை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலைதான். ஆனால் வேறு யாராலும் இவ்வளவு சரியாகச் செய்ய முடியாது. ஏரியின் எல்லை எது என்பது வெளியூர்க் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

2. தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கிராம சபை கூடும் வழக்கம் தமிழ்நாட்டில் ஏற்பட்டிருக்கிறது. லாரி நிற்கக்கூடாத இடங்கள், நிற்கத்தகுந்த இடங்கள் என இரண்டு பட்டியல்களைச் சபையின் முன் வைத்து ஒப்புதல் பெறுங்கள்.

3. உங்கள் ஒப்பந்தத்தில் சேருங்கள். தனியார் கம்பெனியின் லாரிக்கு ஊராட்சி நேராக உத்தரவிட இயலாது. ஆனால் ஊராட்சி வாடகைக்கு அமர்த்தும் குப்பை டிராக்டர், தண்ணீர் லாரி ஆகியவற்றின் ஒப்பந்தத்தில் கருவியும் வேலியும் நிபந்தனையாக இருக்கலாம். எல்லாத் தெருவிற்கும் வண்டி வந்ததா என்பதை அதுவே காட்டும்.

4. மற்றவர்களைக் கேளுங்கள். பட்டியலின் நகலைப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்கும் அனுப்பி, அவர்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் மேற்பார்வை முறையில் இவ்வெல்லைகளையும் சேர்க்குமாறு கேளுங்கள். மாவட்ட ஆட்சித் தலைவருக்கும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கும் ஒவ்வொரு நகல் அனுப்புவது அவசியம்.

5. விலையை முழுவதும் விசாரியுங்கள். கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. சிம் அட்டைக்கான ஆண்டுக் கட்டணம், மேற்பார்வை முறைக்கான வாடகை, பழுது பார்க்கும் செலவு ஆகியவற்றையும், பதிவுகள் யாருக்குச் சொந்தம், எத்தனை மாதம் வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

6. பொறுப்பாளரைக் குறியுங்கள். இரவு 2 மணிக்கு ஏரிக்கரையில் ஒரு லாரி 20 நிமிடமாக நிற்கிறது என்று செய்தி வந்தால், அதனைப் படிப்பவர் யார், அவர் யாரை அழைப்பார் என்பது முன்கூட்டியே தீர்மானமாகி இருக்கவேண்டும். தனியாக ஒருவர் லாரியின் எதிரே போய் நிற்பது ஆபத்து. காவல் நிலையத்திற்குச் சொல்வதே முறை. வந்த செய்திகளையும் எடுத்த நடவடிக்கைகளையும் அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டவேண்டும்.

நம் முன்னோர் ஏரிக்கு நீர்க்கட்டியையும் ஊருக்குக் காவலையும் ஏற்படுத்தியிருந்தனர். காவலன் குரல் கொடுத்தால் ஓடி வருவதற்கு ஊர் விழித்திருந்தது. அதுவே அக்காவலின் வலிமை. இன்று வானத்துச் செயற்கைக்கோள் குரல் கொடுக்கக் காத்திருக்கிறது. எல்லையைச் சரியாகக் குறித்துக் கொடுப்பதும், குரல் கேட்டவுடன் எழுந்து கேள்வி கேட்பதும் ஊராரின் பங்கு. வரும் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு நம் ஊராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறோம். புலப்படத்தோடு வருவோருக்கு எல்லை குறிக்க உதவி செய்ய வட்டார அலுவலகம் என்றும் ஆயத்தமாக இருக்கிறது.